பூக்காத ஹோயா

கத்தரிக்கோலைத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா எப்போது வெளியே கிளம்புவாள் என்று ஜன்னலோரம் காத்து நின்றார் பேராசிரியர். இன்றைக்குக் கழுத்தை அறுத்துவிட வேண்டியதுதான்.

"என்னங்க, அரை மணியா அந்த வீட்டையே முறைச்சுப் பாத்துட்டிருக்கீங்க?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. நீ உள்ள போ."

மனிதக் கழுத்து இல்லை. அவ்வளவு துணிச்சல் அவருக்குக் கிடையாது. ஒரு கொடியின் கழுத்து.

ஹோயா என்று பெயர். எருக்கஞ்செடியின் குடும்பம், பூ மட்டும் மெழுகில் வார்த்த நட்சத்திரம் மாதிரி இருக்கும். அதைப் பற்றி அவர் இரண்டு புத்தகங்கள் எழுதியிருக்கிறார். அது அவரைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

ஒன்பது வருஷமாக மதிலோரம் தொட்டியில் வளர்க்கிறார். ஒரு மொட்டு கிடையாது. தொட்டிக்கு மேலே, அவருடைய பட்டங்களையும் பதவிகளையும் பதினொரு வரிகளில் சுமந்தபடி ஆளுயரப் பெயர்ப்பலகை. அதன் நிழலில் நாலைந்து இலைகளோடு நின்ற கொடி, மேற்கொண்டு வளரக் கூச்சப்பட்டதுபோல் பலகைக்குப் பின்னால் தலையைச் செருகிக்கொண்டிருந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கமோ கொத்துக் கொத்தாகப் பூ.

இரண்டு மாதம் முன்பு தோட்டக்கலைச் சங்கத்தார் அவர் வீட்டுக்கு வந்தபோது, அத்தனை பேரும் வாசனை வந்த திசைக்குத் திரும்பிவிட்டார்கள். "இது என்ன கொடி, சார்?" என்று யாரோ கேட்டார்கள். பேராசிரியர் மதிலைத் தாண்டிக் கையை நீட்டி ஓர் இலையைக் கிள்ளினார்; வடிந்த பாலைக் காட்டி, குலம் கோத்திரமெல்லாம் சொல்லி நாற்பது நிமிஷம் பேசினார்.

கடைசிவரை மதிலுக்கு அப்பால் நின்று கேட்ட தையல்காரம்மா, "இவ்வளவு இருக்கா, சார் இதுல? நான் பூன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றாள். சங்கமே சிரித்தது. அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் மெல்லப் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். "என்னம்மா உரம் போடற?"

"நான் என்னத்த சார் போட்டேன்? அதுவா வந்துச்சு, அதுவா பூக்குது."

சொல்ல மனமில்லை என்று புரிந்துகொண்டார். கல்லூரியில் முப்பது வருஷம் அவரும் தனக்குத் தெரிந்ததை அப்படித்தான் பத்திரமாக வைத்திருந்தார்.

"அவங்க வீட்டுப் பூவு. வாசனை நம்ம வீட்டுக்குள்ளதானே வருது? நமக்கென்ன குறைச்சல்?" என்று மனைவி கேட்டது எரிகிற வயிற்றில் எண்ணெய் வார்த்ததுபோல் இருந்தது. வரும் ஞாயிற்றுக்கிழமை 'ஆண்டின் சிறந்த கொடி' என்று சங்கம் அந்த வீட்டுக்கே வந்து கேடயம் தரப்போகிறது. கேடயத்தைச் சங்கத் தலைவர் கையால்தான் கொடுக்க வேண்டும். சங்கத் தலைவர் அவர்தான்.

தைத்த துணிகளைப் பையில் எடுத்துக்கொண்டு அவள் தெருமுனை திரும்பியதும், ஸ்டூலைப் போட்டு ஏறினார். மதிலின் மறுபக்கம் கையை விட்டுத் துழாவி, அகப்பட்ட தடித்த தண்டை ஒரே வெட்டு. விரலில் பால் பிசுபிசுத்தது. அன்று இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிறு காலை சங்கம் கேடயத்தோடு வந்தது. தையல்காரம்மா வீட்டு மதிலில் சுருங்கிய இலைகள் தொங்கின. கீழே உதிர்ந்த பூக்கள் கிடந்தன. கோட்டு போட்டு வந்திருந்த பேராசிரியர் முகத்தில் துக்கத்தை வரவழைத்துக்கொண்டார்.

"அடடா. வேர் அழுகல்மா இது. படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் எல்லாருக்கும் இதெல்லாம் கைவராது. தண்ணிய அளவில்லாம ஊத்திட்ட."

"நான் ஒரு சொட்டு ஊத்தினதில்லையே, சார்."

செயலாளர் குனிந்து தேடினார். "வேரைப் பார்த்துடலாம். தொட்டி எங்கம்மா?"

"எனக்கு ஏது சார் தொட்டி?" அவள் ஒன்றும் புரியாமல் எல்லோரையும் பார்த்தாள். "உங்க தலைவருக்குக் கேடயம் தரத்தான் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்."

மதில் உச்சியில் காய்ந்து நின்ற தண்டின் முனையைத் தடவியபடி, இழவு வீட்டில் பேசுகிற குரலில் அவள் பேராசிரியரிடம் சொன்னாள்.

"சார், உங்க கொடியை யாரோ வெட்டிட்டாங்க."