பகலில் ரோஜா, மாலையில் ‘ம்’

"அக்கா, எழுதி வெச்சுக்கோ. இந்த ஆளுக்கு வீட்ல ஏற்கெனவே ஒருத்தி இருக்கா!" என்றாள் தங்கை அபி, ஜெர்லினின் செல்போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டு.

ஜெர்லினுக்குப் பகீரென்றது. வரும் ஞாயிறு மாதா கோயில் பூசையில் இவர்கள் கல்யாணத்தை ஊரறிய அறிவித்து முதல் ஓலை வாசிக்கப் போகிறார்கள். அதற்கப்புறம் மாப்பிள்ளை வேண்டாம் என்றால் கருவடிக்குப்பமே கைகொட்டிச் சிரிக்கும்.

"நீயே பாரேன். பகல்ல ‘சாப்டியாம்மா? குடை எடுத்துக்கிட்டியா?’ன்னு கேள்விக்கு ஒரு ரோஜாப்பூ. ஆறு மணி ஆனா வெறும் ‘ம்’. இல்லன்னா ‘சரி’. பக்கத்துல பொண்டாட்டி இருந்தாத்தான் ஆம்பளைங்க இப்படி டைப் பண்ணுவாங்க."

சின்னக் கழுதைக்குப் பேச்சைப் பார் என்று அதட்டத்தான் நினைத்தாள். ஆனால் அதே சந்தேகம் பத்து நாளாக அவளையும் குடைந்துகொண்டுதான் இருந்தது.

பெண் பார்க்க வந்த அன்று மரிய அருண் அதிகம் பேசவில்லை. "இங்க பக்கத்துல மேட்டுப்பாளையத்துலதான் வேலைங்க. கம்பெனி ரொம்பக் கண்டிப்பு, டிபன் பாக்ஸைத் தவிர எதையும் உள்ள விடமாட்டாங்க" என்று அப்பாவிடம் சொன்னான். அவளிடம், "நீங்க எப்ப மெசேஜ் போட்டாலும் பதில் வரும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்கே மயங்கிப் போனாள், பைத்தியக்காரி!

இன்று காலையில்கூட, தலைவலி, லீவு போட்டுட்டேன் என்று அனுப்பியதுமே பதில் வந்துவிட்டது. ‘மோர் குடிம்மா. வெயில்ல வெளிய போவாத.’ கூடவே மூன்று ரோஜா. இவ்வளவு பாசக்காரன் சாயங்காலமானால் எங்கே போய்த் தொலைகிறான்?

"நேர்லயே கேட்டுடறேன். ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்று ஸ்கூட்டியைக் கிளப்பினாள். உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது.

கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும். எதிரே ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய செல்போன்கள், ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி ஒட்டியிருந்தது. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அதில் ஒன்றை எடுத்து ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"மரிய அருணைப் பார்க்கணும். நான் ஜெர்லின்" என்றாள் விறைப்பாக.

பெரியவர் பதறிப்போய் எழுந்தார்.

"ஏம்மா, வெயில்ல வெளிய போவாதன்னு காலையிலதானே போட்டேன்?"