மைக் கோளாறு

‘அப்பா இருமுகிறார்’ என்று மோகன்ராஜின் போனில் மெசேஜ் வந்தது. நிட்டிங் மெஷினுக்கு ஒயர் மாட்டிக்கொண்டிருந்தவன், டெஸ்டரைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான்.

பக்கத்து மெஷின் ஆபரேட்டர் ஜெபக்குமார் ஓடி வந்தார். “திரும்பவும் மெசேஜ் வந்துட்டாடே?”

“ஆமாங்கண்ணா. இந்த வாரத்துல நாலாவது தடவை.”

அவன் அப்பா அங்கமுத்து இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அங்கமுத்துவும் மயிலாளும் பஞ்சு மில்லில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். மில் தூசு நெஞ்சில் அடைந்து, கடைசியில் அங்கமுத்துவுக்குக் கட்டிலே கதியாயிற்று. அப்போதுதான் மோகன்ராஜ் உள்ளங்கை அளவில் ஒரு மலிவான கம்ப்யூட்டர் போர்டு வாங்கி, மைக் கோத்து, கட்டிலுக்கு மேலே மாட்டினான். இருமல் கேட்டால் போதும், சத்தத்தைப் பதிவு செய்து அவன் போனுக்கு அனுப்பிவிடும்.

அதை அவன் வீடியோவாகப் போட்டபோது, ‘மகன்னா இப்படி இருக்கணும்’ என்று பார்த்தவர்களெல்லாம் கொண்டாடினார்கள். மெசேஜ் வரும்போதெல்லாம் வேலையைப் போட்டுவிட்டு ஓடியதில் பழைய கம்பெனியில் அவனை நிறுத்திவிட்டார்கள். அப்பாவும் நிற்கவில்லை.

காரியம் முடிந்த பிறகும் போர்டைக் கழற்ற அவனுக்கு மனம் வரவில்லை. அம்மாதான் நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

“அதக் கழட்டி வீசிப்போடு கண்ணு. பச்ச லைட்டு ராவும் பகலும் முழிச்சுப் பாத்துட்டே இருக்குது. எனக்கு ஒரு மாதிரி இருக்குது.”

“இருக்கட்டும்மா. அப்பா ஞாபகமா இருக்கட்டும்.”

முதல் மெசேஜ் வந்த அன்று அலறியடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினான். கட்டில் காலியாகத்தான் இருந்தது. அதன் பக்கத்தில் தரையில் டீ-சர்ட் குவியலைப் போட்டுக்கொண்டு, டிரிம்மர் கத்தரியும் கையுமாக மயிலாள் பிசிறு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

“இருமுற சத்தம் ஏதாச்சும் கேட்டுச்சாம்மா?”

“எனக்கொண்ணும் கேக்கலியே கண்ணு.” அவள் துணியிலிருந்து நிமிரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கட்டிலைப் பார்த்தபடியே காத்திருந்தான். பாத்திரம் விளக்க, துணி அலச என்று மயிலாள்தான் அடிக்கடி எழுந்து பின்பக்கம் பொடக்காளிக்குப் போய்வந்தாள். இருமலும் வரவில்லை, மெசேஜும் வரவில்லை. திங்கட்கிழமை அவன் கம்பெனிக்குள் நுழைந்ததும் வந்துவிட்டது.

வெறும் பேயென்றால் மோகன்ராஜ் பயந்துவிட்டுச் சும்மா இருந்திருப்பான். செத்த பிறகும் அப்பாவுக்கு மூச்சு முட்டுகிறதே என்பதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

“அந்தச் சத்தத்த அப்படியே வீடியோவா போட்டுருடே,” என்றார் ஜெபக்குமார். “பாக்கறவன் நாலு பேரு நாலு விதமாச் சொல்லுவான். அதுல ஒண்ணாவது வெளங்கும்லா.”

போட்டான். மறுநாள் டீ பிரேக்குக்குள் கமென்ட்டுகள் குவிந்திருந்தன.

‘வெல கம்மியான போர்டு இப்படித்தான் பொய் அலாரம் அடிக்கும். நல்லதா ஒண்ணு வாங்குங்க ப்ரோ.’

‘இருமலுக்கு முன்னாடியும் பின்னாடியும் டிக் டிக்னு ஒரு இரைச்சல் வருது. மைக் கோளாறு.’

‘காரியம் ஒழுங்கா பண்ணுனீங்களா?’

‘வியூஸுக்காக செத்த அப்பாவ விக்காதடா.’

கடைசிக் கமென்ட் அவன் நெஞ்சில் தைத்தது. சாயங்காலம் போனதும் முதல் வேலையாகப் போர்டைக் கழற்றிவிடுவது என்று முடிவெடுத்தான். அப்பாவை இரண்டாவது தடவையாக எடுக்கப் போகிறோம் என்று நினைத்தபோது கண் கலங்கிவிட்டது.

போனை மூடப் போன நேரத்தில் இன்னொரு கமென்ட் வந்து விழுந்தது. அருள்புரத்திலிருந்து விஜயராணி என்று யாரோ.

‘அண்ணா, நானும் ஊட்டுல பிசிறு வெட்டறவதானுங்க. அந்த டிக் டிக் மைக் கோளாறு இல்லீங்க, டிரிம்மர் சத்தம். இருமல் வர்றப்ப மட்டும் அது நின்னுருதுங்க, கேட்டுப் பாருங்க.’

மோகன்ராஜ் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மறுபடியும் ஓடவிட்டான். டிக், டிக், டிக். இருமல். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு மெதுவாக ஒரு டிக்.

கம்பெனியிலும் வீட்டிலும் விடிந்தால் பொழுதுபோனால் கேட்கிற சத்தம் அது. கேட்டுக் கேட்டே அவன் காதுக்கு அது சத்தமாகவே படாமல் போயிருந்தது.

யாரிடமும் சொல்லாமல் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான். தெருமுனையிலேயே இறங்கி, சத்தமில்லாமல் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

சாத்திய கதவுக்கு உள்ளே டிக் டிக் என்று கேட்டது. சட்டென்று நின்றது. பிறகு இருமல். அப்பாவின் நெஞ்சைக் கிழித்த அதே வறட்டு மில் இருமல்.

அவன் சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ‘அப்பா இருமுகிறார்.’

கதவைத் தள்ளினான். பனியன் துணி ஒன்றை வாயில் அழுத்தியபடி மயிலாள் சுருண்டு உட்கார்ந்திருந்தாள். மகனைப் பார்த்ததும் துணியைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தாள்.

மோகன்ராஜின் பார்வை மேலே பச்சை விளக்குக்குப் போனது. அவளும் அண்ணாந்து அதையே பார்த்தாள்.

“இதுக்குத்தாங் கண்ணு, அதக் கழட்டச் சொன்னேன்.”