பொரித்ததே வளர்க்கட்டும்

சாயங்கால வெயில் கொல்லைச் சுவரில் பாதிக்கு மேல் ஏறிவிட்டது. தையல் கம்பெனியிலிருந்து வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் துவைக்கும் கல்லில் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள். பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குப் போய் இன்றோடு நாலு நாள். கணவன் அட்டைப்பெட்டிக்குள் ஒரு பல்பை எரியவிட்டுக்கொண்டு, கோழிக் கூடையருகே குந்தியிருக்கிறான். இருபத்தொரு நாள் அடைகிடந்ததில் கோழி துரும்பாக இளைத்திருக்கிறது, கொண்டைகூட வெளுத்துவிட்டது. ஆனாலும் அவன் கை நீளும்போதெல்லாம் இறகைச் சிலிர்த்து, இரண்டு மடங்கு உடம்பாகிக் கொத்துகிறது.

"சனியன், ரத்தமே வந்துடுச்சு" என்று விரலைச் சப்புகிறான். "குஞ்சுகளப் பிரிச்சு இந்தப் பெட்டில விட்டா, இது சீக்கிரமே திரும்ப முட்டை போடும். இல்லன்னா ரெண்டு மாசம் இதுங்க பின்னாடியே சுத்தும்."

"சுத்தட்டுமே."

"அப்ப முட்டை?"

"முட்டைக்கு என்ன இப்ப அவசரம்? பொரிச்சதே வளக்கட்டும், விடுங்க." சண்டை போடும் தெம்பு அந்தக் குரலில் இல்லை.

அவன் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுப் பல்பை அணைக்கிறான். கோழி மெல்லத் தணிந்து, தொண்டைக்குள்ளேயே கூப்பிடுகிறது. ஈரம் காயாத குஞ்சுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு அதன் இறக்கைக்கு அடியில் நுழைகின்றன.

வீட்டுக்குள் குழந்தை வீறிடுகிறது. அவளுக்குப் பால் கசிந்து ரவிக்கை நனைகிறது; கல்லில் கையூன்றி எழுந்து நடக்கிறாள். "என் செல்லம்ல, அத்தைதான் இருக்கேன்ல" என்று உள்ளே நாத்தனாரின் குரல் கேட்கிறது. அழுகை சட்டென்று நின்றுவிடுகிறது. படிவரைக்கும் போனவள் அங்கேயே நிற்கிறாள்.