ரஷ்யாவில் படிக்கிற பையன்

"பி.பி. நூத்தி எழுபது. என்ன மாஸ்டர், எதை மனசுல போட்டுக் குமையுறீங்க?" என்று கேட்டபடி டோமினிக்கின் கையிலிருந்து பட்டையைக் கழற்றினார் டாக்டர் ரெங்கராஜ்.

"நர்ஸம்மாவைக் கொஞ்சம் வெளியில இருக்கச் சொல்லுங்க டாக்டர்."

கல்யாண ஊர்வலங்களில் கிளாரினெட் ஊதுகிறவர் டோமினிக். காட்டூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஸ்ரீரங்கத்துக்கு வைத்தியத்துக்கு வருகிறார். தன் பையனைப் போலவே ரெங்கராஜும் ரஷ்யாவில் படித்தவர் என்பதால் ஒரு ஒட்டுதல். மனிதர் எடுத்ததற்கெல்லாம் மாத்திரை எழுத மாட்டார். உப்பைக் குறைங்க, காவிரிக் கரையில் நடங்க, நேரத்தோடு தூங்குங்க, அவ்வளவுதான். வாசல் பலகையில்கூட 'ரெங்கராஜ், ரஷ்யா' என்று மட்டும்தான் இருக்கும். அந்த அடக்கத்துக்காகவே கூட்டம் அள்ளும்.

நர்ஸ் வெளியே போனதும் டோமினிக் குரலைத் தாழ்த்தினார்.

"என் பையன் ஜேக்கப் ரஷ்யாவுல படிக்கிறான்ல..."

"சொல்லியிருக்கீங்களே. எத்தனாவது வருஷம்?"

"அவன் டாக்டருக்குப் படிக்கலைங்க."

ரெங்கராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

"மாஸ்கோவுல ஒரு ஹாஸ்டல் ஸ்கூல். ராணுவ பேண்டுக்குப் பசங்களைத் தயார் பண்றாங்க. விடிகாலையில எழுப்பி, படுக்கையை மடிக்க வச்சு, பூட்ஸுக்குப் பாலிஷ் போட வச்சு, பனியில மார்ச் பண்ண வச்சு, அதுக்கப்புறம்தான் வாத்தியத்தையே கையில குடுப்பாங்க. இவன் டிரம்பெட்."

"அப்புறம் ஏன் டாக்டருக்குப் படிக்கிறான்னு சொன்னீங்க?"

"நான் எங்கங்க சொன்னேன்? பையன் ரஷ்யாவுல படிக்கிறான்னு சொன்னேன். 'ஓ, எம்.பி.பி.எஸ்.ஸா'ன்னு தெருக்காரங்களே முடிச்சுக்கிட்டாங்க. நான் சும்மா சிரிச்சு வச்சேன்."

உண்மைதான். முப்பது வருடமாக மூச்சுப் பிடித்து ஊதுகிறவருக்கு, 'இல்லைங்க' என்று ஒரு வார்த்தை சொல்ல அன்றைக்கு மூச்சு வரவில்லை. பேண்டுக்காரன் மகன் பேண்டுக்குத்தான் போயிருக்கிறான் என்று எப்படிச் சொல்வது?

அதுவரை கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் சாப்பிட்டவர், மறுநாளிலிருந்து 'டாக்டரோட அப்பா' ஆனார். முதல் பந்தியில் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். அவரும் கூச்சமில்லாமல் உட்கார்ந்தார். இரண்டாம் தடவை பாயசம்கூடக் கேட்டு வாங்கிக் குடித்தார். பக்கத்து வீட்டு வீரமலை வந்து நாக்கை நீட்டினால், மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்து, "பையனைக் கேட்டுச் சொல்றேன்" என்பார். அடுத்த நாள், "இஞ்சியைத் தட்டிப் போட்டு வெந்நீர் குடிக்கச் சொன்னான்" என்பார். வீரமலைக்குச் சரியாகிவிடும். அதுதான் கொடுமை.

பத்தாம் வகுப்பு முடித்த கையோடு போன பையன் எப்படி டாக்டருக்குப் படிப்பான் என்று காட்டூரில் ஒரே ஒரு ஆள் கேட்டிருந்தாலும், அன்றே உண்மையைக் கக்கியிருப்பார். ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"சரி, இப்ப என்ன ஆச்சு?"

"பையன் லீவுல வந்திருக்கான். ஞாயித்துக்கிழமை எங்க தெருவுல மெடிக்கல் கேம்ப். 'வருங்கால மருத்துவர் ஜேக்கப் பி.பி. பார்ப்பார்'னு ஃப்ளெக்ஸ் வச்சுட்டாங்க. பக்கத்துல என் போட்டோ, கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு."

"ஜேக்கப் என்ன சொல்றான்?"

"'நீ சொல்றியா, இல்ல நான் கேம்புலயே டிரம்பெட்டை எடுத்து ஊதட்டுமா'ன்னு கேட்கிறான். அவனுக்கு அந்த ஸ்கூல்ல படிக்கிறதுல அவ்வளவு பெருமைங்க. வெக்கமெல்லாம் எனக்குத்தான்."

மூன்று வருடம் கழித்து வந்திருக்கிற பிள்ளை. நேற்று சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, "என்னைப் பத்திச் சொல்லிக்க உனக்கு அசிங்கமாப்பா?" என்று கேட்டான். எழுந்து கை கழுவப் போய்விட்டார் இந்த வீரர்.

"நீங்கதான் காப்பாத்தணும் டாக்டர். ஞாயித்துக்கிழமை வந்து அவன் நாற்காலில நீங்க உட்காருங்க. பெரியவர் வந்துட்டாரு, சின்னவர் வேண்டாம்னு சமாளிச்சுடறேன்."

"வேற யாரெல்லாம் வர்றாங்க?"

"பெரியாஸ்பத்திரியிலேர்ந்து நாலு டாக்டருங்க வர்றாங்க."

"அப்ப நான் வர முடியாது மாஸ்டர்."

டோமினிக் கைகூப்பிவிட்டார். "உங்க கால்ல வேணா விழறேங்க. இத்தனை நாள் கட்டிக் காப்பாத்தின மரியாதை."

ரெங்கராஜ் எழுந்துபோய்க் கதவைத் தாழ்போட்டுவிட்டு வந்தார். உட்காராமல் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பையனை அனுப்பினது யாரு? மெயின்கார்டு கேட் மாடியில ஆபீஸ் வச்சிருந்த ஏஜென்டா?"

"ஆமாங்க. உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

"மாஸ்டர், வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா தெருவைக் கூட்டி உண்மையைச் சொல்லிடுங்க. சிரிச்சா சிரிக்கட்டும். உங்க பையனை மட்டும் அந்த நாற்காலில உட்கார வச்சுடாதீங்க. ஒரு தடவை உட்கார்ந்துட்டா அப்புறம் எழுந்திருக்கவே முடியாது."

"உங்களுக்கு எப்படிங்க அது தெரியும்?"

ரெங்கராஜ் குரல் சன்னமாக வந்தது.

"அதே ஸ்கூல்ல நான் ஆறு வருஷம் பெரிய டிரம் அடிச்சேங்க. படிப்பை முடிச்சு ஊர்ல வந்து இறங்கினா, எங்கப்பா ரிப்பன் கட்டி இந்தக் கிளினிக்கைத் தயாரா வச்சிருந்தாரு."