பூரண குணம்

சோறு என்றாலே பயந்து, அபிஷா குச்சியாக இளைத்துப்போயிருந்தாள். சாப்பாட்டு மேசையில் ஒரு நிறுவனம் பொருத்திய மருத்துவக் குரல் கருவி ஒரே மாதத்தில் அவளைச் சாப்பிட வைத்துவிட்டது. "பூரண குணம்" என்று அறிவித்து அது விடைபெற்ற அன்று, அம்மா மெர்லின் கேசரி கிண்டினாள்.

மறுநாளே மகள் தட்டைத் தள்ளிவிட்டாள். மெர்லின் பதறிப்போய் அந்த நிறுவனத்தை அழைத்தாள்.

"குணமானவங்களுக்கு மறுபடி சிகிச்சை கிடையாதும்மா. எங்ககிட்ட நோய் திரும்பினதா சரித்திரமே இல்லை" என்று பெருமையாகச் சொன்னார்கள்.

போனை வைத்துவிட்டு மகளிடம் வந்தாள். "அப்படி என்ன மக்ளே அது உங்கிட்ட பேசிச்சு?"

"அது எங்கே பேசிச்சும்மா? நான் பேசினதைக் கேட்டுச்சு."

மெர்லினுக்குச் சுருக்கென்றது. இனி தானே கேட்பதென்று நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அபிஷா தயங்கித் தயங்கி, "அம்மா, எனக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"எல்லாம் அப்புறம் சொல்லலாம். முதல்ல ரெண்டு வாய் சாப்பிடு" என்றாள் மெர்லின்.