அடிப்பிடித்த வெள்ளை சாஸ்

தம்பியின் வீட்டுக்குள் நுழையும்போதே அக்காவுக்கு மூக்கு எரிந்தது. வெண்ணெய் தீயும் வாடை.

வேலை போன தம்பி ஒரு மாதமாக அறையை விட்டு வெளியே வருவதில்லையாம். ஆறுதல் சொல்லலாம் என்று வந்தால், அவன் பெண்டாட்டி ரொட்டித் துண்டுகளைப் பரப்பி, ஹாம் இறைச்சியையும் சீஸையும் அடுக்கிக்கொண்டிருக்கிறாள்!

"என்ன கூத்து இது?"

"ஹாம் சீஸ் சாண்ட்விச் அண்ணி. பிரெஞ்சுக்காரங்க பண்றது. மேல வெள்ளை சாஸ் ஊத்தி, ஓவன்ல வச்சு எடுக்கணும்."

"எனக்கே பாடமா? என் தம்பி ஹோட்டல்ல பண்ணிட்டிருந்தது இதுதானே?"

"இதேதான்."

அக்காவுக்குச் சுருக்கென்றது. 'இதெல்லாம் ஒரு சாஸா?' என்று முதலாளி நாலு பேர் முன்னால் தட்டைத் தள்ளிவிட்டு, தம்பியை வெளியே போகச் சொன்னது இந்த சாண்ட்விச்சுக்காகத்தான். 'இனி கரண்டியையே தொடமாட்டேன்' என்று வந்து படுத்தவன் அவன்.

"கொஞ்சமாவது ஈவிரக்கம் இருக்கா உனக்கு? அவன் இருக்கிற வீட்டுல இதையா பண்ணுவே?"

"பண்ணுவேன். நேத்தும் பண்ணினேன், நாளைக்கும் பண்ணுவேன். என் அடுப்பு, என் இஷ்டம்!"

என்ன திமிர்! அதுவும் அறையைப் பார்த்துக் கத்துகிறாள். அறைக் கதவு வேறு அகலத் திறந்து கிடக்கிறது. புகையை வெளியேற்றும் ஃபேனைக்கூடப் போடவில்லை மகராசி.

வாணலியில் வெண்ணெய் புகைந்துகொண்டே இருந்தது. அதில் மாவைக் கொட்டினாள். பொன்னிறமாகி, பழுப்பாகி, கறுக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு பாலை ஒரேயடியாகக் கவிழ்த்தாள். கட்டி கட்டியாகத் திரண்டது.

"ஐயோ, தீயைக் குறைடி!" அக்கா கையை நீட்டினாள்.

"தொடாதீங்க அண்ணி!"

அக்காவுக்கு வந்ததே கோபம். "சமையல்காரன் பெண்டாட்டிக்கு ஒரு சாஸ் கிண்டத் தெரியல. வெட்கமா இல்ல?"

"இல்ல."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"ஏய், அடிப்பிடிக்குது! மூக்கு செத்துப்போச்சா உனக்கு?" தம்பியின் குரல்.

"பிடிக்கட்டும்! உங்களுக்கென்ன வந்தது? பேசாம படுங்க!"

தடதடவென்று சத்தம். தாடியும் கலைந்த தலையுமாகச் சமையலறைக்குள் வந்தான். அக்கா நிற்பது அவன் கண்ணிலேயே படவில்லை. பெண்டாட்டி கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினான். கருகியதைக் கொட்டி, வேறு வாணலியில் புது வெண்ணெய் போட்டான்.

"தள்ளு. மாவு நிறம் மாறவே கூடாது. பாலைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். எத்தனை தடவை சொல்லிக் கொடுத்திருக்கேன்!"

"நீங்க பண்ணினதையே நல்லால்லன்னு தள்ளிட்டாங்க. பெரிசாப் பேச வந்துட்டீங்க!"

"அந்த ஆளு நாக்குலதான் கோளாறு. என் சாஸ்ல இல்ல!" மளமளவென்று கிண்டினான். "ஜாதிக்காய் எங்க?"

"நீங்களே தேடிக்குங்க!"

வெடுக்கென்று சொல்லிவிட்டுக் கூடத்துக்கு வந்தவள், புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அக்கா விடவில்லை. பின்னாலேயே வந்தாள்.

"அவ்வளவு தடவை சொல்லிக் கொடுத்திருக்கானே, ஒரு நாளாவது ஒழுங்காப் பண்ணக் கூடாதா?"

"நேத்து வரைக்கும் ஒழுங்காத்தான் பண்ணினேன் அண்ணி. படுத்தபடியே சாப்பிட்டார். எழுந்துதான் வரல!"