பிலாத்து மனைவியின் மேலங்கி

"ஒரே வெட்டுதான் மலரு. தப்பாப் போச்சுன்னா வேற துணி கிடையாது."

அந்தோணிசாமி கம்பளித் துணியைத் தையல் மெஷின் மேல் வைத்தார். உப்பளத்தில் அவர் மேஸ்திரி. தவக்காலம் வந்தால், இயேசுவின் பாடுகளைக் காட்டும் ஊர்ப் பாஸ்கா நாடகத்தை நடத்துவதும் அவர்தான்.

இமாச்சலத்தில் பட்டாளத்திலிருக்கும் மகன் அனுப்பியதாம். தறியில் கையால் நெய்தது. ஒன்றே கால் மீட்டர். ரோமாபுரிக்காரர்கள் கம்பளிதான் போர்த்தினார்களாம். மினுமினுக்கும் பாலியஸ்டரில் இத்தனை வருடம் ஓட்டியது போதும் என்றார்.

"யாருக்குண்ணே?"

"பிலாத்து பொண்டாட்டிக்கு. இந்த வருஷம் பொம்பளையே நடிக்கட்டும்னு பங்குச் சாமியார் சொல்லிட்டாரு."

மலர்கொடியின் கை துணி மேலேயே நின்றது.

ஒன்பதாம் வகுப்பில், கன்னியர் பள்ளியில், அவள்தான் பிலாத்து மனைவி. தோளில் போர்வை. கெட்ட கனவு கண்டேன், அந்த மனிதரை விட்டுவிடுங்கள் என்று, இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்ல உட்கார்ந்திருக்கும் புருஷனிடம் கெஞ்சும் நாலு வரி. அன்றைக்கு அம்மா உப்பளத்திலிருந்து நேராக வந்திருந்தாள். உப்பில் வெளுத்த காலோடு கடைசி வரிசையில் நின்று அழுதாள்.

ஊர் நாடகத்தில் பெண்களுக்கு இடமில்லை. முப்பது வருடமாக, மீசை மழித்த குழந்தைசாமிக்கும் அவருக்குப் பின் ராஜ்கமலுக்கும் அந்த அங்கியை அவளே தைத்தாள். இஸ்திரி போடும்போது உதடு மட்டும் அந்த நாலு வரியைச் சொல்லும்.

அந்தோணிசாமி ஒரு சீட்டை நீட்டினார். பேர் இல்லை. தோள், கழுத்து, நீளம், மூன்று எண்கள்.

அளவைப் பார்த்தால் ஆளைச் சொல்வாள் மலர்கொடி. தெருவில் பாதிப் பேரின் உடம்பு அவள் நோட்டில் இருந்தது. இந்த எண்கள் அதில் இல்லை. தன்னிடம் துணி தைக்காதவள் யார்? சந்தியா. பூசையில் வாசகம் வாசிக்கிறவள். பாண்டிச்சேரிக்குப் போய் ரெடிமேட் வாங்கிப் போடுகிறவள்.

அவளாகத்தான் இருக்கும். கேட்க மனம் வரவில்லை.

இரண்டு நாள் துணியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மேசையில் விரித்தாள். நீளம் நாற்பத்தெட்டு அங்குலம் என்றது சீட்டு. கணுக்கால் வரை இறங்கும்; நடந்தால் பின்னால் அலையும். முழங்காலோடு நின்றால் மழைக்கோட்டு மாதிரி இருக்கும். ஜனம் சிரிக்கும்.

சாக்பீஸை எடுத்தாள். முப்பத்தெட்டில் கோடு போட்டாள். கத்தரி சத்தமில்லாமல் போனது.

மறுநாள் மாலை அந்தோணிசாமி வந்தார். அங்கியைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்.

"குட்டையாத் தெரியுதே?"

"துணி பத்தலண்ணே."

அவர் சந்தேகப்படவில்லை. தையல் விஷயத்தில் அவள் சொல்லை அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. மகன் அனுப்பினதே குறைச்சலாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டார்.

"சரி, போட்டுக் காட்டு."

"சந்தியா வந்து போட்டுக்கட்டும்."

"சந்தியாவா? அது பின்னால பாட்டுதான பாடுது." அந்தோணிசாமி சிரித்தார். "நீதான் நடிக்கப்போற. முன்னாடியே சொன்னா நீ வெக்கப்பட்டுக்கினு வேணாம்னுடுவன்னுதான் மறைச்சோம். உன் நைட்டிய வச்சு உன் பொண்ணுதான் அந்த அளவ எழுதிக் குடுத்துச்சு."

தன் அளவை மட்டும் மலர்கொடி அந்த நோட்டில் எழுதியதே இல்லை. அங்கியைத் தோளில் போட்டுக்கொண்டாள். முழங்காலோடு நின்றது.